புங்கமரத்தடிச் சுடுதண்ணி

அந்தப் பலகையில் நான் என்ன எழுதினேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா? நாலு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வருவதைப் பார்த்து நிற்கும்போது, தெரிந்துதான் இருந்தது என்று தோன்றும். குழந்தைக்குத் தலை துவட்டும்போது, தெரிந்திருக்க வழியே இல்லை என்று தோன்றும். இரண்டில் எது உண்மையானால் என் மனசுக்கு நல்லது என்பதையும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 'அவள்' என்று எழுதவும் கை தயங்குகிறது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனால் ஓசூரில் இருந்த நாளெல்லாம் நான் அவளை 'நீ' என்றுதான் பேசினேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவி என்பதால் அவள் என்னைக் 'கொமாஸ்தாம்மா' என்று கூப்பிடுவாள். இப்போது திடீரென்று 'அவர்' என்று எழுதினால் அது மரியாதையா அல்லது என் மனசாட்சிக்குப் பூசும் பவுடரா என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் அன்று போலவே எழுதுகிறேன்.

என் கணவருக்கு ஓசூருக்கு மாற்றலானபோது என் மூத்த குழந்தைக்கு ஆறு மாதம். சேலத்து வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த ஊரின் குளிர் புதிது. காலையில் வாசல் கதவைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. பனிதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு மாட்டின் கொம்பு வரும், பிறகு மாடு வரும், பிறகு எதிர்வீடு வரும். குழந்தை சரியாகத் தூங்காததால் நானும் அரைத் தூக்கத்திலேயே நடமாடிய மாதங்கள் அவை. அந்த நாட்களில் நடந்ததை நினைத்தால் எல்லாமே ஈரத் துணிக்குப் பின்னால் நடந்ததுபோல இருக்கிறது. அவள் மட்டும்தான் தெளிவாக இருக்கிறாள்.

ஓர் ஐப்பசிக் காலையில் அவள் கொல்லைப்புறமாக வந்து நின்றாள். வேலை கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ குளியலறை மூலையில் இருந்த பித்தளை அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது அது.

"கொமாஸ்தாம்மா, இந்த அண்டா எப்ப சும்மா இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. "சும்மான்னா?"

"அய்யா காலைல குளிச்சுட்டாருன்னா, அப்புறம் மறுநாள் வரைக்கும் இதுக்கு என்னா வேல?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு வேலையும் இல்லை. ஏழு மணிக்கு அவர் குளித்து முடித்தால், அடுத்த நாள் ஆறு மணி வரை அந்த அண்டா கவிழ்ந்து கிடந்து தூங்கும்.

"அது சும்மா இருக்கற நேரத்த மட்டும் எனக்குக் குடுங்க. பத்து மணிக்குள்ள தேச்சு எடுத்தாந்து வெச்சுடுவேன். ஒங்க அண்டாவும் பளபளன்னு இருக்கும்."

இதுதான் அவள். காசு கேட்டு நான் பார்த்ததில்லை, அரிசி பருப்பு கேட்டும் பார்த்ததில்லை. பொருளைக்கூட அவள் கேட்பதில்லை. அந்தப் பொருள் சும்மா இருக்கிற நேரத்தைத்தான் கேட்பாள். தெருவில் நடக்கும்போது மற்றவர்கள் வீடுகளையும் கடைகளையும் பார்ப்பார்கள். அவள் கண்ணில் படுவது, எது எங்கே எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதுதான்.

அப்படித்தான் அவள் பஸ்களையும் பார்த்திருந்தாள். பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போகும் பஸ்கள் காலையில் எங்கள் தெருக்கோடியில் நிற்கும். மைசூர் ராஜ்யத்தில் குடிக்கலாம், நம் பக்கம் மதுவிலக்கு. அதனால் எல்லோரையும் இறக்கிவிட்டு, பெட்டி படுக்கைகளைத் திறந்து, பாட்டில் இருக்கிறதா என்று சோதனை போடுவார்கள். குழந்தையின் பால்புட்டியைக்கூட ஒரு போலீஸ்காரர் திறந்து மோந்து பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். சோதனை முடிய அரை மணி நேரமாவது ஆகும். ஜனங்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். குழந்தைகள் அழும்.

"போலீஸுக்காரரு மோந்து பாக்கற நேரம் இருக்குது பாருங்க, அது நம்ம நேரம்மா" என்றாள்.

அங்கே ஒரு புங்கமரம் உண்டு. அதன் அடியில் மூன்று கல்லை வைத்து என் அண்டாவை ஏற்றினாள். அடுத்த தெருவில் குடியிருந்த வாத்தியார் வீட்டுக் கிணற்றில் காலை இறைப்பு முடிந்த பிறகு தண்ணீர். விறகு மண்டி பாயின் முற்றத்தைக் கூட்டிக் கொடுத்து, உதிர்ந்து கிடக்கும் பட்டையும் சிராயும் அள்ளிக்கொள்வாள். பஸ் வந்து நின்றதும் மூன்று பாஷையில் கூப்பிடுவாள். "வாங்க வாங்க, சுடுதண்ணி! பன்னி பன்னி, பிசிநீரு! ரண்டி ரண்டி, வேடிநீள்ளு!" வீட்டில் அவள் பேசுவது தெலுங்கு. பேரிகைப் பக்கத்துக்காரி. தமிழும் கன்னடமும் சந்தையிலும் சாலையிலும் ஒட்டிக்கொண்டவை.

டூரிங் டாக்கீஸ் பெஞ்சு ஒன்றும் ஒருநாள் புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. கைக்குழந்தைக்காரிகள் உட்காருவதற்கு.

"இதை எப்படிக் குடுத்தாங்க?" என்றேன்.

"ராத்திரியெல்லாம் படம் பாத்துட்டுப் பகல்ல தூங்குதும்மா. நம்மகிட்ட வந்து தூங்கட்டும்னு சொன்னேன்."

பாய்க்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது. "இந்த மண்டில மரத்த வாங்கிப் பொழைக்கறவன் பாதிப் பேரு. பட்டய அள்ளிப் பொழைக்கறவ நீ ஒருத்திதான். நாளைக்கு மரத்து நெழலையும் கேப்ப போல" என்பார்.

"நெழலு மத்தியானம்தானே பாய் சும்மா இருக்குது. அப்ப வந்து கேக்கறேன்" என்பாள்.

நான் குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு அங்கே போய் நிற்பேன். வேலை ஒன்றுமில்லை, ஆனாலும் போவேன். பனிக்குள் பஸ்ஸின் இரண்டு விளக்குகள் மட்டும் மிதந்து வரும். அண்டாவின் ஆவியும் பனியும் கலந்து, அவள் அதற்குள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. கை மட்டும் வெளியே வந்து செம்பை நீட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு என் தலைக்குள் ஓடும் கவலையெல்லாம், அதாவது பால் போதவில்லையோ, தவழ நாளாகிறதோ என்பதெல்லாம், எங்கேயோ இறங்கி நின்றுவிடும்.

ஒருநாள் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா, பால்புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரை வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். கடைசியில் கேட்டேவிட்டாள்: "நீங்க என்ன ஆளுங்க?"

எனக்குத்தான் முகம் சுண்டியது. இவளுக்கு ஒன்றுமே இல்லை. "தண்ணி வாத்தியாரு வூட்டுக் கெணத்துதும்மா. அண்டா இதோ நிக்கறாங்களே, இந்தக் கொமாஸ்தாம்மா வூட்டுது. வெறகு பாய் மண்டிது. என்னுதுன்னு பாத்தா நெருப்பு ஒண்ணுதான். நெருப்புக்கு ஏதும்மா ஆளு?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். புட்டியை நீட்டினாள்.

இதில் வியாபாரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தண்ணீருக்குக் காசு வாங்குவது பாவம் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாகத்துக்கு வந்தவனிடம் கையை நீட்டும் வீடு விளங்காது என்று நினைக்கிற ஜனங்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதனால் விலை சொல்லவே மாட்டாள். புட்டியைக் கழுவிச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிறகு, ஒரு முறத்தைக் குழந்தைக்கு முன்னால் நீட்டுவாள்.

"கொழந்த கைல எதுன்னா குடுத்து வெக்கச் சொல்லுங்க. கொழந்த குடுக்கறதுக்கு வெலன்னு பேரு கெடையாது."

ஜனங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. குழந்தையின் கையில் அரையணாவைத் திணித்து, அந்தக் கையைப் பிடித்து முறத்தில் வைக்கவைப்பார்கள். சில குழந்தைகள் விடமாட்டா. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அதற்குள் அப்பா சிரித்துக்கொண்டே இன்னொரு அரையணா எடுப்பார். ஆரஞ்சு, பிஸ்கட், வேர்க்கடலை, படித்து முடித்த நியூஸ் பேப்பர் எல்லாம் முறத்துக்கு வரும். பேப்பரை அவள் புளியங்கொட்டைக் கூழால் ஒட்டிப் பையாக்கி மளிகைக் கடைக்குப் போடுவாள். ஒன்றுமே இல்லாதவர்களின் குழந்தை வெறுங்கையை முறத்தில் வைத்துத் தட்டும். "அடேங்கப்பா, எம்மாம் பெரிய காசு!" என்று அதையும் முந்தானையில் முடிவதுபோல் செய்வாள்.

விளையாட்டாகத்தான் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் விரல்களைப் பார்க்கும் வரை.

ஒருநாள் என் குழந்தையை அவளிடம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டாள். "வேணாம்மா, கீறிடும்" என்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனி ஒவ்வொன்றும் வறண்ட ஏரிமண் மாதிரி வெடித்திருந்தது. மாசி பிறந்தால் சுற்றுக் கிராமங்களிலிருந்து புளி வந்து இறங்கும். கோடை முடிய புளி மண்டியில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். வெடிப்புக்குள் புளி இறங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் ஆறும். ஆறி முடிவதற்குள் அடுத்த மாசி வந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக இப்படி.

"இந்த ஒரு மாசிக்கு மட்டும் மண்டிக்குப் போவாம இருந்துட்டாப் போதும்மா. ஒரு வருசம் உட்டா, விரலு மூடிக்கும்னு வைத்தியரு சொல்றாரு. சுடுதண்ணி அதுக்குத்தான்."

அதன்பிறகு நான் முறத்தைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. கார்த்திகையில் காசு நன்றாக வந்தது. மார்கழிக் குளிரில் இன்னும் நன்றாக வந்தது. இந்த மாசி அவளுக்குத் தப்பிவிடும் என்றே நினைத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் அவள் என்னிடம் இரண்டாவது முறையாக ஒன்று கேட்டாள்.

"கொமாஸ்தாம்மா, ஒங்க படிப்பு சும்மாத்தானே இருக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு மளிகை லிஸ்டும் அம்மாவுக்குக் கடுதாசியும் தவிர ஒன்றும் எழுதியதில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

சில பேர் தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவதே இல்லையாம். அவள் கூப்பிடுவது அவர்கள் காதில் விழுவதில்லையாம். ஒரு பலகை வைத்தால் ஜன்னலிலிருந்தே தெரியும். "கொழந்தைங்களுக்குச் சுடுதண்ணி. அவ்ளோதாம்மா எழுதணும்" என்றாள்.

பாய் பழைய டீப்பெட்டியின் மூடி ஒன்று கொடுத்தார். அவள் அதைக் கரி பூசிக் கறுப்பாக்கினாள். வீட்டுக்கு வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பை நான் ஒரு சிரட்டையில் கரைத்துக்கொண்டேன். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, மூங்கில் குச்சியில் துணி சுற்றி எழுதினேன். முதல் வரி தமிழில். இரண்டாவது அதையே இங்கிலீஷில். எழுத்து அழகாக வந்தது. நிறுத்தியிருக்கலாம்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய குடும்பம் வந்து, குழந்தைக்கு வாங்கியது போக, முகம் கழுவி, சவரம் செய்து, அண்டாவில் பாதியைக் காலி செய்துவிட்டு, முறத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போயிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். எனக்குத்தான் வயிறெரிந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "எழுத்தில் இல்லாத எதுவும் நிற்காது. ஒரு விலை போட்டுவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. மாசிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மூன்றாவது வரியாக, 'செம்பு அரையணா' என்று எழுதினேன். பலகை நிறைந்துவிட்டது.

அவள் வந்து நெடுநேரம் பார்த்தாள். வெடித்த விரலால் எழுத்துக்களைத் தொடாமல், அவற்றின் மேலாகக் காற்றில் தடவினாள்.

"மூணு வரி இருக்குதே?"

இங்கேதான் நான் பொய் சொன்னேன். சொன்னால் அவள் வேண்டாம் என்பாள் என்று பயம். மாசக் கடைசியில் முறம் நிறைந்து கிடக்கும்போது சொன்னால் அவளே சந்தோஷப்படுவாள் என்று ஒரு எண்ணம். உள்ளே குழந்தை வேறு அழத் தொடங்கிவிட்டது.

"ஒண்ணையேதான் வேற வேற பாஷையிலே எழுதியிருக்கேன்" என்றேன்.

"அப்பிடின்னா மூணு பாசைக்காரங்களும் வருவாங்க!" என்று பலகையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

வரவில்லை. முதல் நாலைந்து நாள் நான் போய்ப் பார்க்கவில்லை. குழந்தைக்குச் சளி. அண்டாவைத் திருப்பிக் கொண்டுவரும்போது அவள் வழக்கம்போல் பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆறாம் நாள் போனேன். பஸ் நின்றிருந்தது. பலகை மரத்தில் சாய்ந்திருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு உள்ளே திரும்பி, "செம்புக்கு அரையணாவாம்" என்றாள்.

"தண்ணிக்கா? தண்ணியக் காசுக்கு வாங்கிக் குழந்தைக்குக் குடுக்கறதா? வேணாம், அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" என்று ஓர் ஆண்குரல் உள்ளிருந்து வந்தது.

இறங்கி வந்த ஒரு பெரியவர் தன் கையாலேயே அரையணாவை முறத்தில் போட்டார். "நிறைய ஊத்து. காசு குடுத்திருக்கேன்ல" என்றார். அவள் அந்தக் காசையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் மகளின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதன் கைக்கு நேராக அவள் முறத்தைக் கொண்டுபோனாள். "அதான் குடுத்தாச்சே" என்று அந்த மகள் குழந்தையை நகர்த்திக்கொண்டாள்.

ஜன்னலில் பேசியது அவள் காதில் விழுந்திருக்குமா? நடுவில் ஆவி. அவள் அடுத்த ஜன்னலைப் பார்த்து, "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஐந்தடி தூரத்தில் குழந்தையோடு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் நடுவிலா என்று நினைத்தேன். ஆபீஸ் பியூன் வேறு எதிரில் நின்றிருந்தான். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் அண்டாவோடு வந்தபோது என் கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாளைக்கு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் துணிந்துவிட்டேன். அவளிடம் சொல்ல அல்ல. ஈரத்துணி ஒன்றைக் குழந்தையின் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போனேன், அவள் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து அந்த ஒரு வரியை மட்டும் துடைத்துவிட.

வரி இல்லை. தமிழ் வரி இருந்தது. இங்கிலீஷ் வரி இருந்தது. கீழே கறுப்புத்தான்.

பலகையின் அடிப்பக்கம் அடுப்புக்கு அருகில் இருந்தது. சூட்டில் சுண்ணாம்பு உரிந்து விழுந்திருக்கலாம். ஆவி பட்டு வழிந்திருக்கலாம். யாரோ படித்துச் சொல்ல, அவளே துடைத்திருக்கலாம். குடத்தோடு வந்தவளின் முந்தானையில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்த்தேன். சாம்பல் இருந்தது. பனியில் நனைந்த சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள், "பாப்பாவுக்குச் சளி தேவலையா?" என்று கேட்டாள்.

அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. தண்ணி விற்கிற பொம்பளை என்று கண்டக்டர்களே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். முறம் பாதிகூட நிறையவில்லை. மாசி பிறந்த மூன்றாம் நாள் அவள் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். என்றைக்கும்விடப் பளபளவென்று தேய்த்திருந்தாள்.

"இனிமே வேணாம்மா. மண்டில கூப்புட்டுட்டாங்க."

"இன்னும் பத்து நாள் பார்க்கலாமே" என்றேன்.

"ஜனங்க மாறிட்டாங்கம்மா" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்தப் பார்வையில் ஏதாவது இருந்ததா என்று நாலு வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சில நாள் இருக்கிறது. சில நாள் இல்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. நாங்கள் அந்த ஆனியில் கிருஷ்ணகிரிக்கு மாறிவந்துவிட்டோம்.

போன வாரம் விறகு மண்டி பாய் ஒரு கல்யாணத்துக்காக இங்கே வந்திருந்தார். கடைத்தெருவில் பார்த்துப் பேசினார். அவள் இன்னும் புளி மண்டியில்தான் இருக்கிறாளாம். இரண்டு விரலில் எப்போதும் துணிக்கட்டாம். பஸ்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றனவாம், குழந்தைகள் இன்னும் அழுகின்றனவாம். "மறுபடி போடேம்மான்னு நானும் சொல்லிப் பாத்தேன். ஜனங்களுக்கு மனசு இல்ல பாய், கொழந்த கையப் புடிச்சுக் குடுக்கற காலம் போயிடுச்சுங்கறா" என்றார்.

ஜனங்கள் மாறவில்லை. நான் எழுதியதால்தான் கையை இழுத்துக்கொண்டார்கள். அது அவளுக்குத் தெரியாதென்றால், நான் போய்ச் சொன்னால் அவள் மறுபடியும் மூன்று கல்லை எடுத்து வைப்பாள். அடுத்த மாசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆனால் தெரிந்திருந்தும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஜனங்களின் மேல் பழியைப் போட்டிருக்கிறாள் என்றால்? அப்போது நான் போய் நிற்பது, என் மனபாரத்தையும் அவளையே இறக்கி வைக்கச் சொல்வது ஆகாதா? என் கணவர், "அவள் எப்போதோ மறந்திருப்பாள், நீதான் போட்டு உழப்பிக்கொள்கிறாய்" என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு பொழுது தோன்றுகிறது. முன்பும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

படிக்கிறவர்களில் குழந்தை பெற்றவர்கள் இருப்பீர்கள், சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் இருப்பீர்கள், என்னைப்போல ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர்களும் இருப்பீர்கள். நான் ஓசூருக்குப் போகலாமா, வேண்டாமா? போகத்தான் வேண்டும் என்றால், அவளிடம் முதலில் என்ன சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.